நாளைய மனிதன் (திரைப்படம்)

நாளைய மனிதன் 1989 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ் அறிவியல் புனைவுத் திகில் திரைப்படமாகும். ஒளிப்பதிவாளராக இருந்த வேலு பிரபாகரன் இயக்கிய முதல் திரைப்படம் இதுவே. பிரபு, அமலா, ஜெய்சங்கர், அஜய் ரத்னம் ஆகியோர் நடித்துள்ளனர். இறந்தவர்களை உயிர்ப்பிக்கும் மருந்தைக் கண்டறியும் மருத்துவர் ஒருவரையும், அம்மருந்தினால் எழுப்பப்பட்டவன் கொலைகாரனாக மாறுவதையும் பற்றியது இதன் கதை. இதன் தொடர்ச்சி அதிசய மனிதன் என்ற பெயரில் 1990 இல் வெளிவந்தது.

தமிழில் பேய்ப் படங்களுக்குக் குறைவில்லை. அறிவியல் திகில் படங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. நாளைய மனிதன் பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட படமுமன்று, கலைநயத்திற்காகப் பேசப்பட்ட படமுமன்று. எனினும் தமிழ்த் திகில் படங்களைப் பற்றிய பேச்சு எழும்போது இப்படம் தவறாமல் நினைவுகூரப்படுகிறது. அதன் காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கதைச்சுருக்கம்

(கதையின் முக்கிய நிகழ்வுகள் இப்பகுதியில் இடம்பெற்றுள்ளன.)

சாவை வெல்ல வேண்டும் என்ற வேட்கை கொண்ட மருத்துவர் (ஜெய்சங்கர்) ஒருவர் புதிய மருந்தொன்றைக் கண்டுபிடிக்கிறார். உயிர் பிரிந்த இரண்டு மணி நேரத்திற்குள் செலுத்தினால் இறந்தவர் மீண்டும் எழுவார் என்பது அவரது கணிப்பு. சடலம் ஒன்றில் (அஜய் ரத்னம்) மருந்தைச் செலுத்துகிறார். சடலம் எழுகிறது. ஆனால் எழுந்தவன் பழைய மனிதன் அல்லன். வன்முறையே உருவான அவன் கொலைகளில் ஈடுபடுகிறான். அவனை எவ்வாறு அடக்குவது என்பதே எஞ்சிய கதை.

பெயரில் "நாளைய" என்ற சொல் இருப்பினும் இது எதிர்கால உலகைக் காட்டும் படமன்று. படம் வெளிவந்த காலத்துத் தமிழகமே கதைக்களம்.

இறந்தவரை எழுப்புதல்: தமிழ் மரபு

இப்படத்தின் மையக் கருத்து தமிழருக்குப் புதியதன்று. மாண்டவரை மீட்கும் சஞ்சீவி மூலிகையைப் பற்றிய இராமாயணக் கதையை அறியாத சிற்றூர் தமிழகத்தில் இல்லை எனலாம். அனுமன் தூக்கிச் சென்ற மலையிலிருந்து சிதறிய துண்டு என்று பல ஊர்களில் ஏதேனும் ஒரு குன்றைக் காட்டுவர். விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையத்தில் சஞ்சீவி மலை என்ற பெயரிலேயே ஒரு மலை உள்ளது. அருகிலுள்ள திருவில்லிபுத்தூர் வனப்பகுதியில் அமைந்த சதுரகிரி மலை சித்தர்கள் வாழும் இடமாகவும், சாவைத் தள்ளிப்போடும் மூலிகைகள் விளையும் இடமாகவும் நம்பப்படுகிறது. ஆடி அமாவாசையன்று தாணிப்பாறை வழியாக மலையேறும் கூட்டத்தில் சுந்தர மகாலிங்கத்தை வணங்கச் செல்பவர்களே மிகுதி எனினும், மூலிகைக் கதைகளைக் கேளாமல் அம்மலையிலிருந்து இறங்கி வருபவர் அரிது.

சைவ இலக்கியத்தில் இறந்தோர் எழுந்த நிகழ்வுகள் பல உண்டு. திங்களூரில் அப்பூதியடிகளின் பாம்பு தீண்டிய மகனை அப்பர் எழுப்பினார். அவிநாசியில் முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் மீட்டார். மயிலாப்பூரில் பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் குடத்தில் வைக்கப்பட்டிருந்தன, அவற்றிலிருந்து அவளைச் சம்பந்தர் எழுப்பினார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. இக்கதைகள் அனைத்திலும் எழுந்து வருபவர் பழைய மனிதராகவே வருகிறார். சுற்றத்தார் மகிழ்கின்றனர்.

பூம்பாவை கதையின் முடிவு இங்கே கருதத்தக்கது. அவளது தந்தை சிவநேசர் மகளை மணந்துகொள்ளுமாறு சம்பந்தரை வேண்டுகிறார். உயிர் கொடுத்தமையால் தாம் அவளுக்குத் தந்தை முறையாவதாகக் கூறிச் சம்பந்தர் மறுத்துவிடுகிறார். எழுப்பியவனுக்கும் எழுந்தவளுக்கும் உள்ள உறவு இன்னது என்பதை அக்கதை தெளிவாக்கி விடுகிறது. நாளைய மனிதனில் குலைவது இந்த உறவுதான். இங்கே மருத்துவருக்கு எழுந்தவன் மகனல்லன். அவன் ஒரு சோதனையின் விடை மட்டுமே. சஞ்சீவியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த மக்களிடம், சஞ்சீவி கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை இப்படம் வைத்தது. அதன் வலிமை பெரும்பாலும் இதில் அடங்கியுள்ளது என்பது எண்ணத்தக்கது.

மேனாட்டு முன்னோடிகள்

இக்கதைமரபின் மேனாட்டு வேர் மேரி ஷெல்லி எழுதி 1818 இல் வெளிவந்த ஃபிராங்கென்ஸ்டைன் புதினமாகும். அக்காலத்தில் மின்சாரத்தால் உயிரை மீட்கலாம் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. இத்தாலியரான ஜொவான்னி அல்தீனி 1803 இல் இலண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரத்தைச் செலுத்திக் காட்டினார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது. உயிர் திரும்பவில்லை. புதினம் தோன்றிய சூழல் இத்தகையது.

யுனிவர்சல் நிறுவனத்திற்காக ஜேம்ஸ் வேல் இயக்கிய ஃபிராங்கென்ஸ்டைன் திரைப்படம் 1931 இல் வெளிவந்தது. போரிஸ் கார்லோஃப் உயிர்ப்பிக்கப்பட்ட உருவமாக நடித்தார். ஜாக் பியர்ஸ் அமைத்த ஒப்பனை (தட்டையான உச்சந்தலை, கனத்த இமைகள், கழுத்தில் திருகாணிகள்) பின்னர் வந்த பல படங்களுக்கு இலக்கணமாயிற்று. படத்தின் தொடக்க எழுத்துகளில் கார்லோஃபின் பெயருக்கு மாறாக ஒரு கேள்விக்குறி மட்டுமே இடப்பட்டிருந்தது. ஃபிராங்கென்ஸ்டைன் என்பது மருத்துவரின் பெயரேயன்றி உருவத்தின் பெயரன்று. உருவத்திற்குப் பெயரே இல்லை. இப்பிழை இன்றும் பலரால் செய்யப்படுகிறது.

அப்படத்தில் ஏரிக்கரையில் சிறுமியொருத்தி உருவத்துடன் அஞ்சாமல் விளையாடுகிறாள். இருவரும் பூக்களை நீரில் எறிந்து அவை மிதப்பதைப் பார்க்கின்றனர். பூக்கள் தீர்ந்ததும், இவளும் மிதப்பாள் என்று எண்ணி உருவம் அவளைத் தூக்கி எறிந்துவிடுகிறது. அக்காட்சியின் இறுதிப்பகுதி தணிக்கையில் வெட்டப்பட்டு 1980களிலேயே மீண்டும் சேர்க்கப்பட்டது. வெட்டியதால் விளைந்தது நேர்மாறான பயன். உருவம் அறியாமையால் செய்தது மறைந்து, ஏதோ கொடுஞ்செயல் புரிந்ததாகப் பார்வையாளர் கற்பனை செய்துகொள்ள நேர்ந்தது. பார்ப்போர் உருவத்தைக் கண்டு அஞ்சுவதோடு அதற்காக இரங்கவும் செய்கின்றனர். தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அப்படம் பார்க்கப்படுவதற்கு இந்த இரக்கமே காரணம் எனப் பலரும் கருதுகின்றனர்.

1985 இல் அமெரிக்காவில் வெளிவந்த ரீ-அனிமேட்டர், மின்னலையும் பெரும் பொறிகளையும் விடுத்து, ஊசிமருந்தால் சடலங்களை எழுப்பும் மருத்துவ மாணவனின் கதையைச் சொன்னது. மருந்தால் எழுந்தவர் வெறிகொண்டு தாக்குவது என்ற வகையில் நாளைய மனிதன் இப்படத்திற்கு நெருங்கியதாகத் தோன்றும்.

பேய் இல்லாத அச்சம்

தமிழ்த் திகில் படங்களின் இலக்கணம் வேறு. ஆயிரம் ஜென்மங்கள் (1978), யார் (1985), 13-ஆம் நம்பர் வீடு (1990) போன்ற படங்களில் அச்சத்திற்கு மூலம் ஆவியோ தீய சக்தியோ ஆகும். அதற்கு மாற்றாக நிற்பது தெய்வ சக்தி அல்லது மந்திரம். பார்வையாளர் எவ்வளவு அஞ்சினாலும், திருநீறும் வேப்பிலையும் முடிவில் துணைக்கு வரும் என்று அறிவர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்களில் அய்யனாரும் கருப்பசாமியும் எல்லையில் காவல் நிற்பதாக நம்பும் மக்களுக்கு இவ்வொழுங்கு நன்கு பழகியது.

நாளைய மனிதனில் அச்சம் பிறப்பது மருத்துவரின் கையில். சாவிலிருந்து காப்பாற்றுபவர் என்று நம்பி எவரிடம் ஓடுகிறோமோ அவரே அதை உண்டாக்குகிறார். மந்திரத்தால் கட்ட இயலாத ஒன்று அது, எனவே பழகிய ஆறுதல் இங்கே கிட்டுவதில்லை.

இது தற்செயலாக நேர்ந்ததாகத் தோன்றவில்லை. வேலு பிரபாகரன் கடவுள் மறுப்பாளர். பிற்காலத்தில் அவர் இயக்கிய கடவுள் (1997), சத்யராஜ் நடித்த புரட்சிக்காரன் (2000) ஆகியவை பகுத்தறிவுக் கருத்துகளை நேரடியாகப் பேசின. பேயை நம்பாத ஒருவர் திகில் படம் எடுக்க விரும்பினால் அவருக்கு எஞ்சியிருப்பது அறிவியலே. அதேவேளையில், அறிவியலைப் போற்றும் மரபிலிருந்து வந்தவர் அறிவியலின் தவற்றையே தம் முதல் படத்தின் பொருளாகக் கொண்டார் என்பதும் கவனிக்கத்தக்கது. அவரது பிற்காலப் படங்களில் கருத்து கதையை மேவி நின்றது என்ற குறை கூறப்படுவதுண்டு. நாளைய மனிதனில் அக்குறை இல்லை. கதையே கருத்தைச் சொல்லிவிடுகிறது.

அருண் பாண்டியன், ரோஜா நடித்த அசுரன் (1995) படத்திலும் அவர் அறிவியல் புனைவுக்குத் திரும்பினார். வேலு பிரபாகரன் 2025 ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலமானார்.

நடிகர்கள்

பிரபுவும் அமலாவும் முந்தைய ஆண்டில் மணிரத்னத்தின் அக்னி நட்சத்திரத்தில் இணைந்து நடித்திருந்தனர். எனவே விளம்பரத்திற்கு உதவியது இவ்விணையே எனலாம். ஆயினும் படத்தைத் தாங்கியவர்கள் மற்ற இருவர்.

இரவும் பகலும் (1965) படத்தில் அறிமுகமாகித் துப்பறியும் நாயகனாகப் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்த ஜெய்சங்கர், முரட்டுக்காளைக்குப் (1980) பின்னர் எதிர்நாயகன், குணச்சித்திர வேடங்களை ஏற்று வந்தார். குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்த முகம் இப்படத்தில் குற்றத்திற்கு மூலமாகிறது. அஜய் ரத்னத்தின் உயரமும் உடலமைப்பும் எழுந்த மனிதனின் வேடத்திற்குப் பெரிதும் பொருந்தின. பின்னாளில் மெட்ராஸ் கஃபே (2013) என்ற இந்திப் படம் வரை பல வேடங்களில் நடித்த போதிலும், திகில் பட இரசிகர்களுக்கு அவர் நாளைய மனிதனே.

தொடர்ச்சி

ஓராண்டு இடைவெளியில் வெளிவந்த அதிசய மனிதன் (1990) படத்தையும் வேலு பிரபாகரனே இயக்கினார். நிழல்கள் ரவி, கௌதமி ஆகியோர் நடித்தனர். பிரபுவும் அமலாவும் இல்லை. அஜய் ரத்னம் மட்டும் அதே வேடத்தில் திரும்பி வந்தார். தமிழில் தொடர்ச்சிப் படங்களே அரிதாக இருந்த காலம் அது. நாயகனை மாற்றிவிட்டு அரக்கனை மட்டும் தக்கவைத்துக்கொண்டது வழக்கத்திற்கு மாறானது. மக்கள் பார்க்க விரும்பியது யாரை என்பதைப் படக்குழு அறிந்திருந்தது.

தொடர்ச்சிப் படம் ஆட்களை ஒருவர் பின் ஒருவராகக் கொல்லும் வகையைச் சேர்ந்தது. முதற்படத்தின் மருத்துவக் கேள்வி இதில் பின்தள்ளப்படுவதால், இதனைச் சற்றுக் குறைந்ததாகவே கொள்ள வேண்டும்.

மருத்துவ அறிவியலும் இரண்டு மணி நேரமும்

படத்தின் கற்பனை எந்த அளவுக்குப் பொருந்தும் என்று மாணவர்கள் வினவலாம். இதயம் நின்றபின் ஆக்சிசன் இல்லாமல் நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளை சேதமுறத் தொடங்கும். மார்பை அழுத்தி இதயத்தை மீண்டும் இயக்கும் முறை 1960 இல் மருத்துவ உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னர் இறந்ததாகக் கருதப்பட்டிருக்கக்கூடிய பலர் இன்று உயிர்வாழ்கின்றனர். ஆகவே சாவின் எல்லைக்கோடு ஒருமுறை நகர்ந்த ஒன்றுதான். ஆயினும் இரண்டு மணி நேரம் என்பது 1989 இல் வெறும் கற்பனையே.

2019 ஏப்ரலில் நேச்சர் ஆய்விதழில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். இறைச்சிக் கூடத்தில் கொல்லப்பட்ட 32 பன்றிகளின் மூளைகளில், இறந்து நான்கு மணி நேரம் கழித்துச் சிறப்புக் கரைசல் ஒன்றை ஆறு மணி நேரம் பாய்ச்சினர். உயிரணுக்கள் சிலவற்றின் செயல்பாடு மீண்டது. நினைவுணர்வைக் காட்டும் மின்னலைகள் எழவில்லை. அவை எழாதிருக்க நரம்புச் செயல்பாட்டைத் தடுக்கும் மருந்துகளும் கரைசலில் சேர்க்கப்பட்டிருந்தன. ஒருவேளை எழுந்தால் உடனே அடக்குவதற்கு மயக்கமருந்தும் ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்தது. நாளைய மனிதனின் மருத்துவர் செய்யத் தவறியது இம்முன்னேற்பாட்டையே என்பதை நோக்க, படத்தைச் சிரித்து ஒதுக்கிவிட இயலாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. எழ விரும்புகிறாயா என்று சடலத்தைக் கேட்க முடியாது. உரிமை கோரப்படாத உடல்கள் மருத்துவக் கல்லூரிகளுக்கு வழங்கப்படும் முறை தமிழ்நாட்டில் நீண்டகாலமாக இருந்து வருகிறது. இறந்தவரின் உடலுக்கு உரியவர் யார் என்ற வினா, மூளைச்சாவை ஏற்றுக்கொண்ட 1994 ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்திற்குப் பின்னர் மேலும் பரவலாக எழுந்தது. அச்சட்டப்படி குடும்பத்தாரின் இசைவு இல்லாமல் உறுப்புகளை எடுத்தல் கூடாது. 2023 செப்டம்பரில், உறுப்புக் கொடையளித்தோரின் இறுதிச் சடங்குகள் அரசு மரியாதையுடன் நடைபெறும் எனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இசைவுடன் தரப்பட்ட உடலுக்கும் இசைவின்றி எடுத்தாளப்பட்ட உடலுக்கும் உள்ள வேறுபாட்டை இன்றைய பார்வையாளர் 1989 இன் பார்வையாளரை விடத் தெளிவாக அறிவர். அஜய் ரத்னத்தின் பாத்திரம் கொலைகாரனாக மட்டுமின்றி, தன்னைக் கேளாமல் எழுப்பப்பட்டவனாகவும் இன்று தோன்றக்கூடும்.

துணுக்குகள்

தமிழில் அறிவியல் புனைவுப் படங்களுக்குத் தொடக்கமாகப் பெரும்பாலும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க நிறுவனத்துடன் இணைந்து எடுத்த காடு (1952) குறிப்பிடப்படுகிறது. அதில் யானைகளுக்கு உரோமப் போர்வை அணிவித்து மறைந்துபோன மாமத யானைகளாகக் காட்டினர். எம். ஜி. ஆர். நடித்த கலை அரசி (1963) வேற்றுக்கோள் வாசிகளைக் காட்டியது. இவை இரண்டும் வியப்பூட்ட எடுக்கப்பட்டவை, அச்சுறுத்த அல்ல.

சடலங்கள் எழுந்து தாக்கும் கதை தமிழில் மீண்டும் பெரிய அளவில் வர, ஜெயம் ரவி நடித்த மிருதன் (2016) வரை காத்திருக்க வேண்டியிருந்தது.