கம்பிக்கூடும் கடைத்தட்டும்

ஒரு பண்டம் மலிந்துவிட்டதென்று கேள்வியுறும்போது, அம்மலிவின் சுமை யார் தலையில் ஏற்றப்பட்டதென வினவுவது வரலாறு கற்போரின் கடமையாகும். பெரும்பாலும் அச்சுமை உழைப்பவன் தலையிலேயே ஏறியிருக்கும். இருபதாம் நூற்றாண்டில் முட்டை மலிந்த கதையிலோ அதனை முதலிற் சுமந்தது வாய்பேசா உயிராகும். பேரங்காடிகள் கூட்டுக்கோழி முட்டை விற்பதை நிறுத்தவேண்டும் என்னும் கோரிக்கை மேற்குநாடுகளிற் பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகின்றது. வயிறு நிறைந்தோரின் மென்னுணர்ச்சி என்று அதனை ஒதுக்கிவிட நம்மிற் சிலர் முற்படுவர். பிரித்தானியாவின் அனுபவத்தை நிரல்பட நோக்கினால், இக்கோரிக்கை உற்பத்தி, வாணிபம், வர்க்கம் ஆகிய மூன்றையும் தொட்டுநிற்பது புலனாகும்.

போருக்கு முந்திய பிரித்தானியாவில் முட்டை பெரும்பாலும் பண்ணை முற்றத்தின் விளைபொருளாகவே இருந்தது. கோழியை ஆண்டு முழுவதும் கட்டடத்துள் அடைத்து வளர்ப்பதற்கு இயற்கையே ஒரு தடை விதித்திருந்தது. வெயில் படாத கோழியின் எலும்பு வலுவிழந்தது. 1920 களில் உயிர்ச்சத்து 'டி'யின் தன்மை அறியப்பட்டு, அது தீனியிற் கலக்கப்பட்டதும் அத்தடை நீங்கிற்று. அமெரிக்காவில் 1930 களில் கம்பிக்கூட்டு முறை பரவலாயிற்று. வரிசை வரிசையாகக் கூடுகளை அடுக்கியமையால் அதற்குப் 'பற்றரி' முறையென்று பெயர் வந்தது.

பிரித்தானியாவில் இம்முறை வேரூன்றியதற்குப் போர்க்காலப் பஞ்சமும் ஒரு காரணமாகும். 1941 ஆம் ஆண்டு யூன் மாதம் முதல் முட்டை பங்கீட்டுக்கு உட்பட்டது. வளர்ந்த ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு முட்டையே கிடைத்தது. குறையை அமெரிக்க முட்டைத்தூள் நிரப்பிற்று. 1953 இலேயே இக்கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் பங்கீட்டு அட்டையுடன் காத்துநின்ற மக்கள் மலிந்த முட்டையை மகிழ்வுடன் வரவேற்றனர் என்றால் அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. 1947 ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் உறுதியான விலையை அளித்துப் பெருக்கத்தை ஊக்கிற்று. பெருக்கம் அன்றைய தேவையாயிருந்தது. ஆனால் அப்பெருக்கம் எவ்வழியில் நிகழ்ந்தது என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

கம்பிக்கூட்டின் அமைப்பு மிக எளிது. தரை கம்பிவலையாலானது, கழிவு கீழே விழுந்துவிடும். தரை சற்றுச் சரிந்திருக்கும். இட்ட முட்டை தானே உருண்டு முன்பக்கத்துக்கு வரும். தீனியும் நீரும் தொட்டியில் ஓடிவரும். ஒரே தொழிலாளி பல்லாயிரம் கோழிகளைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே ஒரு கணக்கு உண்டு. ஒரு கூட்டில் மேலும் ஒரு கோழியைத் திணித்தால், ஒவ்வொரு கோழியும் இடும் முட்டை சற்றுக் குறையலாம். சில கோழிகள் முன்கூட்டியே மடியவும் கூடும். ஆயினும் அதே கட்டடத்திலிருந்து கிடைக்கும் மொத்த முட்டை கூடுமாயின் முதலாளிக்கு இலாபமே. கட்டடமும் கூலியும் விலை கூடியவை. கோழியின் உயிர் விலை குறைந்தது. இக்கணக்கு எந்தவொரு பண்ணையாளனின் தனிப்பட்ட கொடுமையாலும் பிறந்ததன்று. தன் கோழிக்கு இடங்கொடுக்க விரும்பிய சிறு பண்ணையாளன் சந்தையில் விலையால் தோற்கடிக்கப்பட்டான். போட்டியின் விதி நல்லவனையும் தன் வழிக்கே இழுத்தது.

கோழியின் பக்கம் நின்று இதனை நோக்குதல் வேண்டும். நாட்டுக்கோழியை அவதானித்த எவரும் அறிவர்: முட்டையிடுமுன் அது மறைவான இடந்தேடி அலையும், மண்ணைக் கிளறும், புழுதியிற் புரண்டு சிறகு தூய்மை செய்யும், இருளும்போது உயரத்தில் ஏறி அமரும். கம்பிக்கூட்டில் இவற்றுள் ஒன்றேனும் இயலாது. கோழியினத்தின் மூதாதையான செங்காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகளே இடுவது. இன்றைய பண்ணைக்கோழியோ முந்நூறு வரை இடுகின்றது. ஓடாக மாறும் சுண்ணத்தை அது தன் எலும்பிலிருந்தும் இழக்கின்றது. அசைவின்மையால் அவ்வெலும்பு மேலும் நலிகின்றது.

இந்நிலையைப் பொதுமக்களின் முன் வைத்தவர் றூத் ஹரிசன் என்னும் பெண்மணியாவார். 'மிருக இயந்திரங்கள்' என்று பொருள்படும் அவரது நூல் 1964 இல் வெளிவந்தது. பூச்சிகொல்லிகளின் கேட்டை உலகுக்குணர்த்திய றேச்சல் கார்சன் அதற்கு முன்னுரை வழங்கினார். மக்களிடையே எழுந்த கொதிப்பைத் தணிக்க அரசு பேராசிரியர் பிறம்பெல் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன்னைத் தூய்மை செய்யவும், உறுப்புகளை நீட்டவும் ஒரு விலங்குக்கு இடம் இருத்தல் வேண்டுமென 1965 இல் அக்குழு அறிக்கையிட்டது. எத்துணைச் சிறிய கோரிக்கை! ஆயினும் 1968 ஆம் ஆண்டின் சட்டம் அதனைக் கட்டாயமாக்கவில்லை. விலங்குக்கு வீண்துன்பம் விளைவித்தலை அது குற்றமாக்கிற்று. இடவசதி பற்றிய நெறிகளை மட்டும் விரும்பினாற் கைக்கொள்ளும் அறிவுரைகளாக விட்டுவிட்டது. கூடுகள் பெருகின.

சட்டத்தின் தயக்கம் ஐரோப்பா முழுவதிலும் காணப்பட்டது. சுவிற்சர்லாந்து மட்டும் 1978 இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்ற சட்டத்தின் வழியே 1992 அளவிற் கம்பிக்கூட்டை ஒழித்தது. ஐரோப்பியச் சமூகம் 1986 இல் ஒரு கோழிக்கு 450 சதுர சென்ரிமீற்றர் இடத்தை விதித்தது. நம் பாடசாலைகளில் நாளும் கையாளப்படும் ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 624 சதுர சென்ரிமீற்றர் என்பதை நினைவுகூர்ந்தால் அவ்விதியின் பெருந்தன்மை விளங்கும். 1999 ஆம் ஆண்டின் ஆணை வெறுங்கூட்டை 2012 முதல் தடைசெய்தது. ஆனால் 750 சதுர சென்ரிமீற்றரும், முட்டையிட ஒரு மறைவும், அமர ஒரு சட்டமும் கொண்ட 'வசதிக்கூடு' அனுமதிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும், அந்நாள் வந்தபோது பதின்மூன்று நாடுகள் ஆணையை முழுமையாக நிறைவேற்றியிருக்கவில்லை.

இதற்கிடையில் வாணிபத்தின் வடிவமும் மாறிற்று. செயின்ஸ்பரி நிறுவனம் தனது முதலாவது சுயசேவைக் கடையை 1950 இற் குறொய்டனில் திறந்தது. உற்பத்தியாளர் சில்லறை விலையை நிர்ணயிக்கும் வழக்கத்தை 1964 ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் ஒழித்தபின், விலைக்குறைப்பே பேரங்காடிகளின் ஆயுதமாயிற்று. தெருமுனைக் கடைகள் மறைந்தன. சில நிறுவனங்களின் கைகளில் நாட்டின் உணவு வாணிபம் குவிந்தது. எந்த முட்டை எவ்விலைக்கு வாங்கப்படும் என்று அவை தீர்மானித்தபோது, கோழி எவ்வாறு வளர்க்கப்படும் என்பதையும் அவையே தீர்மானித்தன. ஆகவே மக்கள் பாராளுமன்ற வாயிலோடு நில்லாது கடைவாயிலுக்கும் சென்றது இயல்பே.

பயன் விளைந்தது. மாக்ஸ் அன்ட் ஸ்பென்சர் 1997 இலும், வெயிற்றோஸ் 2001 இலும், செயின்ஸ்பரி 2009 இலும் கூட்டு முட்டை விற்பனையைக் கைவிட்டன. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வொரு முட்டையிலும் அது வந்த முறையைக் குறிக்கும் இலக்கம் பொறிக்கப்பட்டது. 3 என்றால் கூடு. 2016 இற் பதினான்கு வயதுப் பாடசாலை மாணவி ஒருத்தி தொடங்கிய விண்ணப்பத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அவ்வாண்டே டெஸ்கோவும், அதனைத் தொடர்ந்து ஏனைய பெருநிறுவனங்களும், 2025 அளவிற் கூட்டு முட்டையைக் கைவிடுவதாக வாக்களித்தன.

வாக்குறுதி வேறு, நிறைவேற்றம் வேறு. அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் 2015 இல் அளித்த வாக்கைத் தன் அமெரிக்கக் கடைகளில் 2024 அளவில் நிறைவேற்றிற்று. 2016 இல் வோல்மார்ட் உட்படப் பல பேரங்காடிகள் 2025 ஐ எல்லையாகக் குறித்தன. அவ்வாண்டு வந்தபோதும் அந்நாட்டு முட்டைக்கோழிகளுட் பாதிக்கு மேற்பட்டவை கூடுகளிலேயே இருந்தன. கலிபோர்ணியாவிலோ 2018 இல் மக்கள் வாக்கினால் விற்பனையே தடைசெய்யப்பட்டது. அச்சட்டத்தை உயர்நீதிமன்றம் 2023 இல் நிலைநிறுத்தியது. விளம்பரத்துக்காக அளிக்கப்பட்ட வாக்கைப் பார்க்கிலும் மக்கள் இயற்றிய சட்டம் உறுதியானது.

இனி வர்க்க வினாவுக்கு வருவோம். மலிவு முட்டை ஏழையின் புரதம். அதனை அகற்றுவது ஏழையின் தட்டிற் கைவைப்பதாகாதா என்று கேட்கப்படுகின்றது. வினா நேர்மையானது. ஆனால் ஒரே கடையில் இரு தட்டுகள் வைக்கப்பட்டிருக்கும்வரை நடப்பதென்ன? மேல்தட்டில் புல்வெளியின் படமும் உயர்ந்த விலையும். கீழ்த்தட்டிற் கூட்டு முட்டையும் குறைந்த விலையும். இரக்கம் பணமுள்ளோர் வாங்கும் பண்டமாகின்றது. கொடுமையின் பழி ஏழையின் பையிற் போடப்படுகின்றது. இரு தட்டிலும் இலாபம் ஈட்டுபவன் ஒருவனே. எனவே 'நல்ல முட்டையும் விற்போம்' என்னும் சலுகை போதாது. கூட்டு முட்டை எல்லாத் தட்டுகளிலிருந்தும் ஒருங்கே அகலவேண்டும். கேக்கிலும் பிஸ்கற்றிலும் மறைந்திருக்கும் தூளும் குழம்பும் இதிற் சேரும்.

செலவை யார் ஏற்பது? 2022 இற் பிரித்தானியாவில் தீனி விலையும் மின்கட்டணமும் ஏறியபோது, தமக்குக் கட்டுபடியான விலையைப் பேரங்காடிகள் தரவில்லையெனப் பண்ணையாளர் முறையிட்டனர். பலர் கோழி வளர்ப்பைக் குறைத்தனர். பறவைக் காய்ச்சலும் சேர, சில கடைகளில் முட்டை மீண்டும் அளவிட்டு விற்கப்பட்டது. கூட்டைக் கைவிடச் சொல்லும் நிறுவனம், புதிய கொட்டிலுக்கான கடனைப் பண்ணையாளன் தலையிலும் விலையேற்றத்தை ஏழை தலையிலும் ஏற்றுமாயின், சுமை இடம் மாறியதேயன்றிக் குறையவில்லை. நீண்டகால ஒப்பந்தமும் நியாய விலையும், குழந்தைகளின் உணவுக்கு அரசின் துணையும் இக்கோரிக்கையின் பிரிக்கமுடியாத பகுதிகளாதல் வேண்டும்.

இது தொலைநாட்டுக் கதையன்று. தமிழ்நாட்டின் நாமக்கல்லில் முட்டைத்தொழில் கம்பிக்கூட்டை நம்பியே வளர்ந்துள்ளது. இந்தியச் சட்ட ஆணைக்குழு 2017 இல் இம்முறையின் கேட்டை எடுத்துரைத்தது. நம் நகரங்களிலும் பேரங்காடிகள் பெருகுகின்றன. ஆசிரியர்களும் மாணவர்களும் கடைக்காரரிடம் ஒரு வினாவை எழுப்பலாம்: இம்முட்டை எங்கிருந்து, எம்முறையில் வந்தது? தனித்துக் கேட்டால் சிரிப்பர். சங்கமாகக் கேட்டால் விடை தருவர். விடையோடு அமையாது, கூட்டு முட்டையை நிறுத்தும் நாளையும், பண்ணையாளனுக்கு அளிக்கும் விலையையும் எழுத்திற் கேட்போமாக.