கான்கார்டின் பருவங்கள்: குறிப்பேடும் ஒளிப்படமும்

மரங்கள் தளிர்ப்பதும் பூப்பதும் இலை உதிர்ப்பதும் ஆண்டுதோறும் நிகழ்வன. திரும்பத் திரும்ப வருவதற்கு வரலாறு ஏது என்று வினவத் தோன்றும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு என்னும் சிற்றூர் இவ்வினாவுக்கு விடை தருகிறது. எழுத்தாளர் ஒருவரும், ஒளிப்படக் கலைஞர் இருவரும், அறிவியலாளர் சிலரும் ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் அவ்வூரின் பருவங்களைப் பின்தொடர்ந்தனர்.

இம்மரபின் முதல்வர் ஹென்றி டேவிட் தோரோ (1817–1862). 1845 சூலைத் திங்களில் வால்டன் நீர்நிலையின் கரையில் தாமே அமைத்த குடிலில் குடிபுகுந்து, ஈராண்டுக்குச் சற்று மேலாக அங்கு வாழ்ந்தார். 1854இல் வெளிவந்த ‘வால்டன்’ நூலில் அக்காலத்தை ஒரே ஆண்டாகச் சுருக்கி, இளவேனிலின் வருகையை நோக்கி நூலை நடத்திச் சென்றார். அந்நூலினும் அவருடைய நாட்குறிப்புகளே இங்குக் கருதத்தக்கவை. 1850களில் நூற்றுக்கணக்கான செடிகொடிகள் முதன்முதல் மலர்ந்த நாள்களை அவர் ஆண்டுதோறும் குறித்துவைத்தார். ஒளிப்படக்கலை 1839இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. தோரோ அக்கருவியைக் கையாண்டவர் அல்லர். கண்டதை நாளோடு சேர்த்து எழுதியதே அவர் செய்த பணி.

அவ்வெழுத்தைப் படமாக்கியவர் ஹெர்பர்ட் வெண்டல் கிளீசன் (1855–1937). சமய ஊழியராக இருந்த அவர், உடல்நலக் குறைவால் 1899இல் அப்பணியை விடுத்து ஒளிப்படக்கலையை மேற்கொண்டார். தோரோ நடந்த வழிகளையும் குறித்த மரங்களையும் தேடிச் சென்று கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்தார். 1906இல் 20 தொகுதிகளாக வெளிவந்த தோரோவின் எழுத்துகளில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. 1917இல் தோரோவின் பத்திகளையும் தம் படங்களையும் பருவ வரிசையில் இணைத்துத் தனி நூலாகவும் வெளியிட்டார். ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. இலையுதிர் காலத்து மேப்பிள் மரத்தின் செம்மையைக் கறுப்பு வெள்ளைப் படம் காட்ட இயலாது. சொற்பொழிவுகளில் காட்டிய படவில்லைகளுக்கு அவர் மனைவி கையால் வண்ணம் தீட்டினார்.

அக்குறையை நீக்கியவர் எலியட் போர்ட்டர் (1901–1990). மருத்துவம் பயின்று ஹார்வர்டில் ஆய்வாளராகப் பணியாற்றிய அவர், 1939இல் அப்பணியைத் துறந்து முழுநேர ஒளிப்படக் கலைஞரானார். நியூ இங்கிலாந்துப் பகுதியில் அவர் எடுத்த வண்ணப் படங்களைத் தோரோவின் வாசகங்களோடு பருவ வரிசையில் தொகுத்தார். அச்சுச் செலவுக்கு அஞ்சிப் பதிப்பகங்கள் பல தயங்கின. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான சியரா கழகம், டேவிட் பிரவரின் முயற்சியால், தோரோ மறைந்து நூறாண்டு நிறைந்த 1962இல் அந்நூலை வெளியிட்டது. அதன் விலை 25 டாலர். அந்நாளில் அது பெருந்தொகையாயினும் நூல் நன்கு விற்பனையாயிற்று. காட்டின் அழகைக் கண்டவர் அதனைக் காக்கவும் விழைவர் என்னும் நம்பிக்கை அம்முயற்சிக்கு அடிப்படை.

கிளீசனும் போர்ட்டரும் தேடியது என்றும் மாறாத பருவச் சுழற்சியை. அச்சுழற்சியே மாறிவருகிறது என்பதைப் பின்னர் வந்தோர் கண்டனர். பாஸ்டன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ரிச்சர்டு பிரைமாக், மாணவர் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்குடன் 2003 முதல் கான்கார்டின் மலர்களை ஆராய்ந்து, தோரோவின் குறிப்புகளோடு ஒப்பிட்டார். செடிகள் சராசரியாக 7 நாள் முந்தி மலர்வதை 2008இல் அவர்கள் வெளியிட்டனர். தோரோ கண்ட இனங்களுள் 27 விழுக்காடு அவ்வூரில் அற்றுப்போயிருந்தன. வெப்பத்திற்கேற்ப மலரும் காலத்தை மாற்றிக்கொள்ள இயலாத இனங்களே மிகுதியும் நலிந்திருந்தன.

இவ்வாய்வாளர்கள் பழைய ஒளிப்படங்களையும் சான்றாகக் கொண்டனர். அவற்றுள் ஒன்று அருகிலுள்ள லோவல் நகரின் இடுகாட்டில் 1868 மே 30 அன்று எடுக்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் இறந்தோர்க்கு வணக்கம் செலுத்திய நிகழ்ச்சியின் படம் அது. பின்னணியில் மரங்கள் இலையின்றி நிற்கின்றன. 2005இல் அதே நாளில், அதே இடத்தில் எடுத்த படத்தில் மரங்கள் இலை செறிந்து நிற்கின்றன. ஓராண்டின் குளிர் மற்றோராண்டினும் மிகலாம் என்பதால் இரு படங்கள் மட்டும் முடிவுக்குப் போதா. பல்லாண்டுக் குறிப்புகளோடும் உலர்த்திக் காத்த தாவர மாதிரிகளோடும் சேரும்போதே அவை வலுப்பெறுகின்றன.

அப்படத்தை எடுத்தவர் மரங்களை எண்ணி எடுத்திலர். நாளும் இடமும் தெரிந்திருந்தமையால் மரங்கள் சான்றாயின. அழகு நம்மை மரத்தின் முன் நிறுத்துகிறது. நாள் அம்மரத்தை வரலாற்றில் நிறுத்துகிறது. தோரோ இரண்டையும் ஒருங்கே செய்தார். பருவத்தைப் பாடும் கவிஞர் தம் குறிப்பேட்டின் ஓரத்தில் மரத்தின் பெயரையும் மலர்ந்த நாளையும் எழுதிவைப்பாராயின், கவிதைக்கு அதனால் இழப்பொன்றுமில்லை. அந்த இளவேனில் இப்படித்தான் வந்தது என்று பின்வருவோர் அறிவதற்கு அவ்வொரு வரி உதவும்.