அரசு ஓய்வூதியம் இருக்கும்போது கூடுதல் பிடித்தம் தொடர வேண்டுமா?

"ஓய்வூதியம்தான் வரப்போகிறதே, பிறகு எதற்குச் சம்பளத்தில் இவ்வளவு பிடிக்கச் சொல்கிறீர்கள்?" அரசுப் பணியில் இருப்பவர்களின் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. பணம் தொடர்பான கேள்வியாக இருந்தாலும் வட்டி, ஜகாத், வாரிசுரிமை ஆகிய மூன்றும் இதில் கலந்திருக்கின்றன. எனவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்டாயம் எது, விருப்பம் எது?

தமிழக அரசில் 2003 ஏப்ரல் 1-க்கு முன்பும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1-க்கு முன்பும் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளனர். முழுத் தகுதிக் காலம் பணியாற்றியவருக்குக் கடைசி ஊதியத்தில் பாதியும் அதற்குரிய அகவிலைப்படியும் மாதந்தோறும் கிடைக்கும். இதற்காக அவர்கள் எதுவும் செலுத்துவதில்லை.

இவர்களின் ஊதியத்தில் பிடிக்கப்படுவது ஜி.பி.எஃப் எனும் பொது வருங்கால வைப்பு நிதிக்கான தொகை. மத்திய அரசு ஊழியர் ஊதியத்தில் குறைந்தது 6 சதவீதமும், தமிழக அரசு ஊழியர் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். இது கட்டாயம். இதற்கு மேல் செலுத்துவது அவரவர் விருப்பம். 2022 முதல் மத்திய அரசில் ஓர் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பும் உள்ளது. நமது கேள்வி இந்த விருப்பத் தொகையைப் பற்றியதுதான்.

எவ்வளவு சேரும்?

ஜி.பி.எஃப் வட்டி விகிதம் 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதமாக இருந்து வருகிறது. மாதம் 5,000 ரூபாய் கூடுதலாக 10 ஆண்டுகள் செலுத்தினால் நாம் போட்டது 6 லட்சம். கையில் வருவது சுமார் 8 லட்சத்து 65 ஆயிரம். அதாவது 2 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய் வட்டி என்ற பெயரில் சேர்கிறது. உலகக் கணக்கில் இது பாதுகாப்பான லாபம். மார்க்கக் கணக்கில் இங்குதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

உலமாக்கள் என்ன சொல்கிறார்கள்?

கட்டாயப் பிடித்தம் ஊழியரின் கைக்கு வருவதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. எனவே அதன் மீது அரசு சேர்த்துத் தருவது ஊதியத்தின் ஒரு பகுதி போன்றது, அதைப் பெறலாம் என்பது நமது நாட்டின் ஹனஃபி முஃப்திகள் பலரின் கருத்து. ஆனால் விருப்பப்பட்டுச் செலுத்தும் தொகையின் மீது வருவது வட்டிக்கு ஒப்பாகிறது. அதைத் தவிர்ப்பதே பேணுதல் என்றும் அவர்கள் கூறுகின்றனர். இரண்டுமே வட்டிதான் என்று கருதும் உலமாக்களும் உள்ளனர். எந்தக் கருத்தை எடுத்தாலும் விருப்பத் தொகை எளிதாகக் கடந்துபோகக் கூடிய விஷயமல்ல. நீங்கள் நம்பும் ஆலிமிடம் சம்பளச் சீட்டைக் காட்டி, எது கட்டாயம், எது விருப்பம் என்று விளக்கிய பிறகு கேளுங்கள். வெறுமனே "பி.எஃப் கூடுமா?" என்று கேட்டால் முழுமையான பதில் கிடைக்காது.

விருப்பத் தொகை நாமே ஒப்படைத்த நமது பணம். எனவே அதற்கு ஜகாத் கடமையாகிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

என்.பி.எஸ் ஊழியர்கள்

2004-க்குப் பிறகு மத்திய அரசில் சேர்ந்தவர்கள் என்.பி.எஸ் எனும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளனர். ஊழியர் 10 சதவீதமும் அரசு 14 சதவீதமும் செலுத்துகின்றன. 2025 ஏப்ரல் முதல் யு.பி.எஸ் எனும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமும் ஒரு தெரிவாக வந்துள்ளது.

என்.பி.எஸ்ஸில் பலர் ஆண்டுக்கு 50,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்துவது வரிச்சலுகைக்காக. ஆனால் புதிய வருமான வரி முறையில் அந்தச் சலுகை கிடையாது. புதிய முறைக்கு மாறிய பிறகும் பழக்கத்தில் செலுத்தி வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பணம் அரசுக் கடன் பத்திரங்களிலும் பங்குகளிலும் போடப்படுகிறது. ஓய்வு பெறும்போது அரசு ஊழியர் 60 சதவீதம் வரைதான் மொத்தமாக எடுக்கலாம். மீதியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து மாதத் தொகையாகத்தான் பெற வேண்டும்.

நமக்குப் பிறகு?

ஓய்வூதியம் ஊழியரின் ஆயுள் வரை. அதன்பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமாகப் பொதுவாகக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் வரும். சம்பாதிக்கும் பிள்ளைகளுக்கு அதில் பங்கில்லை. சேமிப்பு அப்படியல்ல, அது வாரிசுகள் அனைவருக்கும் உரியது. எனவே சேமிப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

ஜி.பி.எஃப் படிவத்தில் ஒருவரை நாமினியாக எழுதிவிட்டால் பணம் முழுவதும் அவருக்கே என்று நினைப்பது தவறு. மார்க்கப்படி அவர் பணத்தை வாங்கிப் பொறுப்புடன் பங்கிட வேண்டியவர். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. பெண் மக்களின் பங்கும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். இதை உயிரோடு இருக்கும்போதே வீட்டில் சொல்லி வையுங்கள்.

என்ன முடிவெடுக்கலாம்?

முதலில் கடனைப் பாருங்கள். வங்கியிலோ நகைக்கடையிலோ 9, 10 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டு, மறுபக்கம் 7.1 சதவீதத்துக்குக் கூடுதலாகச் சேமிப்பதில் உலக லாபமும் இல்லை, மறுமை லாபமும் இல்லை. கூடுதல் தொகையைக் குறைத்துக் கடனை அடையுங்கள். மத்திய அரசு விதிப்படி ஜி.பி.எஃப் தொகையை ஆண்டில் ஒருமுறை குறைக்க முடியும்.

கடன் இல்லாதவர்கள் கட்டாயத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை ஹலாலான வழிக்குத் திருப்பலாம். மகளின் படிப்புக்குத் தங்கம், சிறு மனை, நம்பகமான தொழிலில் பங்கு, ஷரீஆ வரையறைக்கு உட்பட்ட மியூச்சுவல் ஃபண்டுகள் எனப் பல வழிகள் உள்ளன. இவற்றில் விலை இறங்கும் அபாயம் உண்டு. ஆனால் மாதாந்திர உணவுக்கும் மருந்துக்கும் ஓய்வூதியம் இருப்பதால், மற்றவர்களை விட அந்த அபாயத்தைத் தாங்கும் வலிமை அரசு ஊழியருக்கு அதிகம்.

இந்த மாதச் சம்பளச் சீட்டைக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒருமுறை பாருங்கள். பிடித்தங்களில் கட்டாயம் எது, நாமே எழுதிக் கொடுத்தது எது என்று பிரித்தாலே பாதி விடை கிடைத்துவிடும், இன்ஷா அல்லாஹ்.