ஒரு காற்புள்ளி திருப்பித் தந்த பெயர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்கிறான். போன மாதம் தன் ஆங்கில ஆய்வேட்டின் வரைவை அனுப்பியிருந்தான். பள்ளி ஆண்டு விழாவுக்காக நம் ஊர் ஏரியைப் பற்றி நான் எழுதிய சிறு புத்தகத்தை அதில் மேற்கோள் காட்டியிருக்கிறானாம். ஆசையோடு துணைநூற்பட்டியலில் தேடினேன். என் பெயரைக் காணோம்! கடைசியில் 'எம்' வரிசையில் வெறும் இரண்டு எழுத்தாக நின்றிருந்தேன். அப்பாவின் முன்னெழுத்து குடும்பப்பெயராகிவிட்டது. என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது.

போனில் கேட்டேன். "சார், பட்டியலை நான் போடலை, பிப்டெக் போட்டது" என்றான். அது யாரப்பா என்று தேடப்போய்த்தான் இந்த வரலாறு கிடைத்தது.

1977-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத், கணினி நிரலாக்கம் பற்றிய தம் பெருநூலின் இரண்டாம் தொகுதிக்கு மறுபதிப்பு கொண்டுவந்துகொண்டிருந்தார். முதல் பதிப்பு ஈய அச்சில் அழகாக வந்திருந்தது. புதிய ஒளியச்சு முறையில் வந்த மெய்ப்பைப் பார்த்ததும் மனிதருக்கு மனம் நொந்துவிட்டது. அச்சுக்கோப்புக்குத் தாமே ஒரு நிரல் எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். ஓராண்டில் முடியும் என்று நினைத்த வேலை பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. அதை அவர் இலவசமாகவே கொடுத்தார். பிழை கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்குத் தொடக்கத்தில் 2.56 டாலருக்குக் காசோலையும் அனுப்பினார்!

1980-களின் தொடக்கத்தில் லெஸ்லி லாம்போர்ட் என்பவர் டெக்கின் மேல் லாடெக்கைக் கட்டினார். 'இது தலைப்பு, இது அடிக்குறிப்பு' என்று சொன்னால் போதும்; அளவையும் இடத்தையும் அது பார்த்துக்கொள்ளும். பிரையன் ரீட் உருவாக்கிய ஸ்கிரைப் என்ற நிரல் இதற்கு முன்னோடி.

மிச்சமிருந்த தலைவலி துணைநூற்பட்டியல். ஒரு இதழ் ஆண்டை முன்னால் போடச் சொல்லும், இன்னொன்று கடைசியில் போடச் சொல்லும். நடுவில் ஒரு நூலைச் சேர்த்தால் எண்களெல்லாம் மாறும். 1985-ல் நூத்தின் மாணவர் ஓரன் படாஷ்னிக், லாம்போர்ட்டோடு சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்தார். அதுதான் பிப்டெக்.

நூலக அட்டைகள் நினைவிருக்கிறதா? ஒரு நூலுக்கு ஓர் அட்டை: ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு. அதே மாதிரிதான். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு செல்லப்பெயர் வைத்து, கட்டுரையில் அந்தப் பெயரை மட்டும் குறித்தால் போதும். அட்டையைத் தேடி எடுப்பதும், வரிசைப்படுத்துவதும், இதழ் கேட்கும் பாணியில் அடுக்குவதும் பிப்டெக்கின் வேலை. இடையில் அதை ஓட்ட மறந்தால், மேற்கோள் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி நிற்குமாம். வீட்டுப்பாடத்தில் நான் சிவப்பு மையில் போடுவேனே, அதே மாதிரி!

சரி, என் பெயர் எங்கே போனது? பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று கொள்வது மேலைநாட்டு வழக்கம். பிப்டெக்கும் அப்படியே கொள்ளும். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. அவனோ என் முன்னெழுத்தைப் பெயருக்குப் பின்னால் தட்டியிருந்தான். பெயருக்கும் முன்னெழுத்துக்கும் நடுவில் ஒரு காற்புள்ளி வைத்தால், காற்புள்ளிக்கு முன் இருப்பதே முதன்மைப் பெயர் என்று அது புரிந்துகொள்ளும். வைத்தான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

பின்னாளில் வந்த பிப்லாடெக்கும் பைபரும் யூனிகோடு எழுத்துகளையும் கையாளுகின்றன. தமிழ் நூல்களைத் தமிழ் எழுத்திலேயே பட்டியலிடலாம்.

பிள்ளைகளே, காற்புள்ளிக்காக உங்களை நான் எத்தனை முறை திட்டியிருப்பேன்! இப்போது புரிகிறதா? ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏரியைப் பற்றிய அந்தச் சிறு புத்தகத்தில் இருந்ததெல்லாம் எனக்கு ஊர்ப் பெரியவர்கள் சொன்னது. அவர்கள் பெயர்களையும் அதில் எழுதியிருக்கிறேன். யாரிடம் எதைப் பெற்றோமோ, அவர் பெயரை முழுசாக, சரியாக எழுதுங்கள். கணினி அடுக்கித் தரும். சரிபார்ப்பது நம் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்