பேரேட்டில் ஏறாத குழந்தைகள்



எங்கள் பாட்டிக்குப் பிறந்த தேதி தெரியாது. ரேஷன் கார்டில் இருப்பது யாரோ குத்துமதிப்பாக எழுதிய வயது. முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்கப் போனபோது "வயசுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். பாட்டி தன் நரைத்த தலையைத் தொட்டுக் காட்டினார்! அன்று சிரித்தோம். மனு திரும்பி வந்தபோது சிரிப்பு வரவில்லை. ஒருவர் பிறந்ததை அரசாங்கம் எழுதிவைக்கும் வழக்கம் எப்படித்தான் வந்தது என்று தேடினேன். அது என்னை லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டது.

இங்கிலாந்தில் 1538 முதல் தேவாலயங்கள்தான் கணக்கு எழுதின. அதுவும் பிறப்பை அல்ல, ஞானஸ்நானத்தை! வேறு சபையினரும், கோயில் பக்கமே வராத ஏழைகளும் அதில் விடுபட்டார்கள். 1801-ல் சுமார் 9.6 லட்சமாக இருந்த லண்டன் மக்கள்தொகை 1851-ல் 23.6 லட்சம் ஆனது. பழைய முறை எப்படித் தாங்கும்?

1836-ல் சட்டம் போட்டார்கள். 1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு தொடங்கியது. பதிவாளருக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? நம்ம காமர்ஸ் பாஷையில் பீஸ் ரேட்! வருடத்தில் முதல் 20 பதிவுக்குத் தலா இரண்டரை ஷில்லிங், அதற்கு மேல் தலா ஒரு ஷில்லிங். குழந்தைகளைத் தேடிப் போவது அவர் வேலை. பெற்றோர் தாமாக வந்து சொல்லாவிட்டால் தண்டனை இல்லை. அடிக்கடி வாடகை அறை மாறும் நெரிசலான பகுதிகளில் யாரை எங்கே தேடுவது? ஆறு மாதம் தாண்டினால் பதியவே முடியாது. இந்த ஓட்டையை 1874 சட்டம்தான் அடைத்தது. பொறுப்பு பெற்றோருக்கு வந்தது, தவறினால் அபராதம்.

இவ்வளவு குறைகளோடும் அந்தப் பதிவேடு உயிர்களைக் காப்பாற்ற உதவியது என்பதுதான் ஆச்சரியம். 1854-ல் தெற்கு லண்டனில் காலரா. ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் தண்ணீர்க் குழாய்கள். டாக்டர் ஜான் ஸ்னோ இறப்புப் பதிவில் இருந்த முகவரிகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். முதல் ஏழு வாரங்களில், அசுத்தமான தேம்ஸ் நீரைக் கொடுத்த சதர்க் அண்ட் வாக்ஸால் கம்பெனியின் 40,046 வீடுகளில் 1,263 சாவு. 1852-லேயே ஆற்றின் மேல்பகுதிக்கு மாறிவிட்ட லாம்பெத் கம்பெனியின் 26,107 வீடுகளில் 98 மட்டுமே. பத்தாயிரம் வீட்டுக்கு 315, 37 என்று வருகிறது. புள்ளியியல் துறையில் இருந்த வில்லியம் ஃபார், இனி காலரா சாவைப் பதியும்போது தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள் என்று அப்பகுதிப் பதிவாளர்களிடம் சொன்னார். முகவரி எழுதாமல் விட்டிருந்தால்?

நம் நாட்டில் 1969 சட்டப்படி 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பிறந்த இடத்தில்தான் பதிவு. புறநகரில் வசிப்பவர் நகரத்து ஆஸ்பத்திரியில் பெற்றால் நகரக் கணக்கில் சேரும். குழந்தையும் தடுப்பூசித் தேவையும் புறநகரில், எண் மட்டும் நகரத்தில்! 2023 அக்டோபர் 1 முதல் பிறப்பவர்களுக்குப் பள்ளி முதல் அரசு வேலை வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதிவாகாமல் போகும் ஒரு குழந்தைக்கு இனி நரைத்த தலைகூட உதவாது.

பேரேட்டில் விட்டுப்போன ஒரு வரவை ஆடிட்டர் கண்டுபிடிப்பார். விட்டுப்போன மனிதரை யார் கண்டுபிடிப்பது? நீங்களே சொல்லுங்கள் நண்பர்களே.