உலையின் நிறம்

2020-இல் கடை வாசலில் நம் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானியை யாரும் மறந்திருக்க மாட்டோம். தொடாமலே சூட்டைச் சொல்லும் கருவி. ஆலைகளில் நாங்கள் அதே வகைக் கருவியைக் கொதிகலன் மீதும் நீராவிக் குழாய் மீதும் காட்டுகிறோம். உள்ளே போக முடியாத ஒன்றின் சூட்டை வெளியே நின்று அறிவது பழைய ஆசை. அதன் வரலாற்றில் என்னை யோசிக்க வைப்பது ஒன்றுதான்: எண் கையில் கிடைத்த பிறகும் ஏமாந்துபோக நிறைய இடம் இருந்தது.

முதல் கருவி கண். கொல்லரும் சூளைக்காரரும் மங்கிய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நிறத்தை வைத்தே சூட்டைச் சொன்னார்கள். ஆனால் ஒருவர் பார்த்த சிவப்பை இன்னொருவருக்கு எழுதி அனுப்ப முடியாதே!

இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட்டுக்கு எண் தேவைப்பட்டது. களிமண் சூட்டில் சுருங்கும். சிறு களிமண் துண்டுகளைச் சூளைக்குள் வைத்து, எடுத்தபின் சுருக்கத்தை அளந்தார். 1782-இல் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தார். துல்லியமாகத்தான் தெரிந்தது. ஆனால் அவர் கணக்கில் வார்ப்பிரும்பு உருகும் சூடு 17,977 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 10,000 டிகிரி செல்சியஸ். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். வார்ப்பிரும்பு உண்மையில் 1,200 டிகிரி வாக்கில் உருகிவிடும்.

அவருடைய மகன் தாமஸ் 1792-இல் வேறொன்றைக் கவனித்தார்: எந்தப் பொருளானாலும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் சிவக்கத் தொடங்குகிறது. அப்பா நம்பாத நிறத்துக்குள்தான் விடை இருந்தது. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையில் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிரைக் கண்டார். 1892-இல் லே ஷாட்லியே, உலையின் ஒளியை ஒரு விளக்கின் ஒளியோடு ஒப்பிடும் பைரோமீட்டரைச் செய்தார். பிறகு வந்த வகையில், குழல் வழியே உலையைப் பார்த்துக்கொண்டே உள்ளிருக்கும் மின்னிழையின் மின்னோட்டத்தைக் கூட்டுவார்கள். இழை உலையின் ஒளியில் கரைந்து மறையும் கணத்தின் மின்னோட்டம்தான் அளவு. அப்போதும் கண்தான் தீர்ப்புச் சொன்னது.

இது உலையில் நன்றாக வேலை செய்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூடிய உலையின் சிறு துளையிலிருந்து வரும் ஒளி, சுவர் எதனால் ஆனது என்பதைப் பொறுத்ததல்ல. சூட்டை மட்டுமே பொறுத்தது. ஆலைக் குழாய்க்கு அந்தச் சலுகை இல்லை. பளபளக்கும் ஸ்டீல் தன் சூட்டைக் கொஞ்சமாகவே உமிழும். மீதிக்குச் சுற்றுப்புறத்தைக் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும். 150 டிகிரி குழாயை நம் கருவி 60 டிகிரி அளவில் காட்டக்கூடும். அதை நம்பிக் கை வைத்தால் தோல் போய்விடும். அதனால்தான் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட்டை ஓரிடத்தில் பூசி அங்கே அளக்கிறோம்.

மனிதத் தோலுக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்த நிறத்தவரானாலும் அகச்சிவப்பில் அதன் உமிழ்திறன் சுமார் 0.98. அந்த ஒளியில் நாம் எல்லாரும் ஏறக்குறைய கறுப்பர்கள்தான்!

கருவி சூட்டைப் பார்ப்பதில்லை, வந்து சேரும் கதிரைத்தான் பார்க்கிறது. அது எதிலிருந்து வருகிறது என்பதைச் சூளைக்காரர் பழக்கத்தில் அறிந்திருந்தார். நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.