உள்ளங்கால் மரு

உள்ளங்கால் மரு என்பது பாதத்தின் அடிப்புறத்தில் தோன்றும் தீங்கற்ற தோல் வளர்ச்சி ஆகும். மனித பாப்பிலோமா வைரசு என்னும் தீநுண்மம் தோலின் மேலடுக்கைத் தொற்றுவதால் இது உண்டாகிறது. சிறுவரிடமும் இளைஞரிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது. பலர் இதனைக் கால் ஆணி எனத் தவறாகக் கருதுவர்.

காரணம்

இத்தீநுண்மத்தின் 1, 2, 4, 27, 57 ஆகிய வகைகள் முதன்மைக் காரணிகள். நீச்சற்குளம், பொதுக் குளியலறை போன்ற ஈரமான இடங்களில் வெறுங்காலுடன் நடக்கும்போது, தோலின் நுண்ணிய வெடிப்புகள் வழியாக இது உட்புகுகிறது. தொற்றிய பல வாரங்கள் அல்லது மாதங்களுக்குப் பின்னரே மரு வெளிப்படும். மருவிலிருந்து எடுத்து வடிகட்டிய, உயிரணுக்கள் அற்ற சாறும் மருவை உண்டாக்கும் என்பதை 1907 இல் இத்தாலிய மருத்துவர் ஜுசெப்பே சுஃபோ நிறுவினார்.

கால் ஆணியிலிருந்து வேறுபாடு

கால் ஆணி தொற்று அன்று. தொடர்ந்த அழுத்தத்தால் தோல் தடிப்பதே ஆகும்.

* மருவில் தோலின் இயல்பான வரிகள் அறுபட்டிருக்கும். கால் ஆணியில் அவை பொதுவாகத் தொடர்ந்து செல்லும்.
* மருவில் காணப்படும் கரும்புள்ளிகள், குருதி உறைந்த நுண்குழாய்கள் ஆகும். இவை வேர்கள் அல்ல.
* மருவை இருபுறமும் கிள்ளி அழுத்தினால் வலிக்கும். கால் ஆணி நேராக அழுத்தும்போது வலிக்கும்.

சிகிச்சை

சிறுவரிடம் பல மருக்கள் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மறைகின்றன. எனவே வலி இல்லையெனில் காத்திருப்பதும் ஏற்ற வழியே. வலி இருப்பின், பாதத்தை வெந்நீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து நீக்கியபின் சலிசிலிக் அமிலம் பூசப்படுகிறது. இதனைப் பல வாரங்கள் தொடர வேண்டும். நீர்ம நைதரசன் கொண்டு உறையவைத்தல் மற்றொரு முறை. 2011 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் 240 பேர் பங்கேற்றனர். 12 வாரங்களில் இவ்விரு முறைகளிலும் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே முழுமையாகக் குணமடைந்தனர். உறையவைத்தல் கூடுதல் பயன் தரவில்லை.

எச்சரிக்கை

மருவைக் கத்தியாலோ சவர அலகாலோ அறுத்தல் கூடாது. குருதிக்கசிவும் சீழும் ஏற்படலாம், தொற்றும் பரவக்கூடும். நீரிழிவு நோயாளர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சியும் குருதியோட்டமும் குறைந்திருக்கலாம். அமிலத்தால் உண்டாகும் சிறு புண்ணும் அவர்களுக்கு ஆறாப் புண்ணாக மாறலாம் என்பதால், மருத்துவரின் அறிவுரையின்றி எதையும் பூசலாகாது. விரைவாக வளரும், குருதி கசியும் அல்லது நிறம் மாறும் கட்டி தோல் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும்; அதனை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

தடுப்பு

பொதுக் குளியலிடங்களில் செருப்பு அணிதல், பாதத்தை உலர்வாக வைத்தல், பிறருடைய துண்டு, காலுறை ஆகியவற்றைப் பயன்படுத்தாமை என்பன தொற்றைக் குறைக்கும்.